பதினாறாம் வாய்ப்பாடும் இரண்டு பகடைகளும்

இந்த வீட்டில் இனி விளையாட்டுக் கணக்குக்கு இடமே இல்லை என்று டைம்கீப்பர் சபதம் எடுத்தபோது மணி மாலை ஐந்து நாற்பத்திரண்டு. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், அவரே அதைச் சொல்லி அலறியதுதான். பஸ் டிப்போவில் எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று இருபது வருஷமாகப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருக்கும் மனுஷன். வலித்தாலும் முதலில் கடிகாரத்தைத்தான் பார்ப்பார்.

"ஐயோ! அஞ்சு நாப்பத்திரண்டு! ஐயோ!"

எங்கே வலித்தது என்று கேட்காதீர்கள். வேலை முடிந்து வந்து, முன்னறையில் ஜன்னலோரம் கிடக்கும் தன்னுடைய மெத்தை நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். அந்த மெத்தையின் மேல் துணிக்குப் போடுகிற கிளிப்புகள் இருபத்திநாலு, வாயை மேலே திறந்துகொண்டு வரிசையாக நின்றன. வலித்த இடத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சமையலறையிலிருந்து மனைவி ஓடி வந்தாள். "எழுந்திருங்க, எழுந்திருங்க, சீக்கிரம்!"

நம்மேல் இவளுக்கு இவ்வளவு அக்கறையா என்று டைம்கீப்பருக்குக் கண் கலங்கிவிட்டது.

"வரிசை கலைஞ்சிடும்!" என்றாள் அவள்.

"வரிசையா? இங்க என் உயிரே போகுதுடீ!"

"ஆறாறா நாலு வரிசை. குழந்தை அரை மணி நேரமா அடுக்கினது. எங்க, திரும்புங்க பார்ப்போம்."

திரும்பினார். எட்டு வயது மகள் பின்னால் வந்து நின்று நிதானமாக எண்ணினாள். "அப்பாகிட்ட மூணு ஒட்டிட்டிருக்கும்மா. இருபத்திநாலுல மூணு போனா..."

"அது கழித்தல், கண்ணு. நாம இன்னைக்குப் பெருக்கல்தான் பண்றோம்."

டைம்கீப்பரின் மனைவி டீச்சர். ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு, மகளும் அதே வகுப்பில்தான். இந்த வருஷம் பிள்ளைகளுக்குப் பெருக்கலைக் கையால் தொட்டு விளையாட வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பேன் என்று கிளம்பிவிட்டாள். கிளம்பியது பள்ளிக்கூடத்தில், வந்து இறங்கியது வீட்டில். கீழ்வீட்டுத் தையல்காரர் கொடுத்த முந்நூறு உதிரிப் பட்டன்கள் ஊறுகாய் பாட்டிலில் இருந்தன. ஊறுகாய் எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. முட்டை அட்டைகள் அலமாரியில். சோடா மூடிகள் தலையணைக்கு அடியில். சுவரெல்லாம் கட்டம் போட்ட காகிதம். போன வாரம் அவருடைய டிபன் பாக்ஸைத் திறந்தால் உள்ளே மூன்று வரிசையில் ஐந்தைந்தாக மொச்சைக்கொட்டை, வேகாமல்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாத விஷயம் போன வாரம்தான் வந்தது. சனிக்கிழமை காலைகளில் வகுப்பில் பின்தங்கிய பன்னிரண்டு பிள்ளைகளை வீட்டுக்கே கூப்பிட்டு, முன்னறையில் உட்கார வைத்து விளையாட்டுப் பயிற்சி கொடுக்கப் போவதாக டீச்சர் அறிவித்தாள். வருஷம் முழுக்க. சனிக்கிழமை டைம்கீப்பரின் வார விடுமுறை. அந்த முன்னறை, அந்த ஜன்னல், அந்த நாற்காலி, அதில் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வாயைத் திறந்தபடி ஒரு தூக்கம். ஆறு நாளும் மனுஷன் உயிரோடு இருப்பதே அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான். அதை விட்டுக்கொடுப்பதா?

"இதோ பாரு," என்றார் மூன்று கிளிப்பையும் பிடுங்கி எறிந்துவிட்டு. "சனிக்கிழமை ஒரு குழந்தை இந்த வாசப்படி ஏறக்கூடாது. பெருக்கல்னா வாய்ப்பாடு. வாய்ப்பாடுன்னா வாயால பாடணும். பட்டனை வச்சு விளையாடறது இல்ல."

"சரி, நீங்க அதுல கெட்டிக்காரர்தான்."

இது வஞ்சப்புகழ்ச்சி என்பது டைம்கீப்பரைத் தவிர எல்லோருக்கும் புரியும். அவருக்கு அந்த விஷயத்தில் மூளை வேலை செய்யாது. பத்து வயதில், பள்ளிக்கு வந்த இன்ஸ்பெக்டர் முன்னால் பதினாறாம் வாய்ப்பாட்டை மூச்சு விடாமல் ஒப்பித்து ஒரு தகர ஜாமெட்ரி பாக்ஸ் பரிசு வாங்கியவர் அவர். அந்தக் கதையைக் கேட்காத டிரைவர் டிப்போவில் கிடையாது. பெண் பார்க்கப் போன இடத்தில்கூடச் சொன்னார். தெருவில் அவருக்குப் பெயரே 'பதினாறு'தான். அதைப் பட்டம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"பதினாறேழு?" என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். "நூத்திப்பன்னெண்டு! பதினாறொன்பது? நூத்தி நாப்பத்திநாலு! இதுக்கு எத்தனை கிளிப் வேணும் சொல்லு? நீ வா கண்ணு. ஏழெட்டு எத்தனை?"

மகள் ஒரு நிமிஷம் யோசித்தாள். விரலால் காற்றில் ஏதோ அடுக்கினாள். "ஏழஞ்சு முப்பத்தஞ்சு. இன்னும் ஒரு ஏழுமூணு இருக்கு, இருபத்தொண்ணு. சேர்த்தா அம்பத்தாறு."

"நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள ரெண்டு வண்டி கிளம்பிப் போயிருக்கும்."

"சரி, நான் ஒண்ணு கேக்கறேன். ஏழெட்டுன்னா என்னப்பா?"

"அம்பத்தாறு."

"அது விடைப்பா. ஏழெட்டுன்னா என்னன்னு கேட்டேன்."

"ஏழெட்டுன்னா... ஏழெட்டுதான். அம்பத்தாறு. என்னடீ கேள்வி இது?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா மகளைப் பார்த்தாள். அதுதான் டைம்கீப்பருக்கு எரிச்சலாக இருந்தது.

"சரி," என்றாள் டீச்சர். "ஒரு பந்தயம். இந்தச் சாமான் பூரா நாளைக்கே பள்ளிக்கூடத்துக்குப் போயிடும். ஒரே ஒரு விளையாட்டு மட்டும் வீட்ல இருக்கும். ஒரு மாசம் நீங்க அதை ஒழுங்கா விளையாடி முடிச்சா, சனிக்கிழமை வகுப்பு கிடையாது. நாற்காலி உங்களுக்கு, தூக்கம் உங்களுக்கு."

"என்ன விளையாட்டு?"

டீச்சர் இடுப்பிலிருந்து இரண்டு பகடைகளை எடுத்தாள். சாதாரணப் பகடை. ஒன்றிலிருந்து ஆறு வரை புள்ளி. "ரெண்டையும் உருட்டணும். விழுற எண்ணைப் பெருக்கணும். வாய்விட்டுச் சத்தமாச் சொல்லணும். வர்ற விடை ஒத்தைப்படைன்னா ஒருத்தருக்கு, ரெட்டைப்படைன்னா இன்னொருத்தருக்கு. உங்களுக்கு எது வேணும்? நீங்களே எடுத்துக்குங்க."

"பதினாறு என்ன படை?"

"ரெட்டை."

"அப்புறம் என்ன கேள்வி? ரெட்டை என்னோடது!" என்று நெஞ்சைத் தட்டினார். பிறகுதான் கேட்டார். "ஆமா, எண் வந்தா என்ன?"

"எண் யாரோடதோ, வேலை அவரோடது. காலைப் பாத்திரம், சாயங்காலப் பாத்திரம், பெருக்கறது, துடைக்கறது, துணி துவைச்சுக் காயப்போடறது, மடிக்கறது, காய் நறுக்கறது, குப்பை கொண்டுபோய்ப் போடறது. ஒரு நாளைக்கு எட்டு வேலை, எட்டு உருட்டு. சமையல் ஆட்டத்துல இல்ல. நீங்க சமைச்சா நாங்களும்தானே சாப்பிடணும்."

டைம்கீப்பர் திடுக்கிட்டார். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவர் கழுவியது கை மட்டும்தான்.

"யோசிக்கறீங்களா? கணக்குல புலி நீங்க."

புலி மனசுக்குள் கணக்குப் போட்டது. ஒண்ணிலிருந்து முப்பத்தாறு வரை பதினெட்டு ஒற்றை, பதினெட்டு இரட்டை. சரிபாதி. ஒரு நாளைக்கு நாலு வேலை. முப்பது நாள் பல்லைக் கடித்துக்கொண்டால், வருஷம் முழுக்கச் சனிக்கிழமை தூக்கம்.

"சம்மதம்!"

"நடுவுல விளையாட்டு சரியில்லைன்னு யார் சொன்னாலும், யார் ஏமாத்தினாலும் தோத்த மாதிரி. சரியா?"

"பதினாறு வாக்கு மாறமாட்டான்!"

மறுநாள் காலை முதல் உருட்டு. நாலு, மூணு. "நாமூணு பன்னெண்டு!" என்று வீடு அதிரச் சொன்னார். இரட்டை. பாத்திரம் கழுவினார். அடுத்தது ஐந்தும் இரண்டும். "அயிரெண்டு பத்து!" இரட்டை. பெருக்கினார். ஆறும் ஒன்றும். துடைத்தார். நாலாவது முறை மூன்றும் ஐந்தும் விழுந்தது. "மூவஞ்சு பதினஞ்சு! ஒத்தை! உனக்கு!" என்று குதித்தார். டீச்சர் சிரித்துக்கொண்டே குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு போனாள். அது இரண்டு நிமிஷ வேலை.

முதல் வாரம் கெட்ட நேரம் என்று நினைத்தார். இரண்டாவது வாரம் கை தேய்ந்தது. டிப்போவில் ஒரு கண்டக்டர், "சார் மேல என்ன இவ்வளவு வாசனை? எலுமிச்சம்பழ வாசனை?" என்று கேட்டான். பாத்திரம் தேய்க்கிற சோப்பு என்று எப்படிச் சொல்வது? சென்ட் என்றார். எங்கே கிடைக்கும் என்று அவன் கேட்டான்.

தொழில் புத்தி போகுமா? வண்டிப் பதிவேடு மாதிரியே வீட்டுக்கும் ஒரு நோட்டுப் போட்டிருந்தார். தேதி, வேலை, விழுந்த எண், யார் தலையில். இருபத்தோராம் நாள் கூட்டிப் பார்த்தார். மொத்தம் நூற்று அறுபத்தெட்டு உருட்டு. அவருக்கு நூற்று இருபத்தொன்பது. அவளுக்கு முப்பத்தொன்பது.

"சதி!" என்று படி இறங்கி ஓடினார்.

கீழ்வீட்டுத் தையல்காரர் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார்.

"பகடையில ஈயம் வச்சிருக்கா! நூத்திச் சொச்சம் வேலை என் தலையில விழுந்திருக்கு!"

"மீதியை வீட்டம்மா செஞ்சாங்களா, சார்?"

"ஆமா, வெறும் முப்பத்தொன்பது!"

தையல்காரர் பெருமூச்சு விட்டார். "கொடுத்து வச்சவர் சார் நீங்க. எங்க வீட்ல பகடையே கிடையாது. நேரா வேலைதான்."

அந்த மனுஷனிடம் அதற்கு மேல் என்ன பேசுவது? பகடைகளை டிப்போவுக்கு எடுத்துப்போய் ஒவ்வொன்றையும் மேஜைமேல் அறுபது தடவை உருட்டினார். ஒவ்வொரு முகமும் ஒன்பது, பத்து, பதினொன்று என்று நியாயமாக விழுந்தது. பகடை யோக்கியம். அப்படியானால் எங்கே தப்பு? வாய்ப்பாட்டை முழுசாக ஒருமுறை ஒப்பித்துப் பார்த்தார். அதிலும் தப்பில்லை.

தப்பு மகளின் கணக்கு நோட்டில் இருந்தது. சனிக்கிழமை மதியம் டீச்சர் கடைக்குப் போயிருந்த நேரம், துணி மடிக்கிற வேலை முடித்து (இரட்டைதான், வேறென்ன) மகளின் பையை ஒழுங்குபடுத்தும்போது அந்த நோட்டு திறந்துகொண்டது. ஆறுக்கு ஆறு கட்டம். மேலே ஒன்று முதல் ஆறு, பக்கத்திலும் ஒன்று முதல் ஆறு, உள்ளே பெருக்கின விடைகள். இரட்டைப்படைக்கு மஞ்சள் வண்ணம், ஒற்றைப்படைக்கு நீலம். கட்டம் பூரா மஞ்சளாகக் கிடந்தது. நடுநடுவே நீலம் ஒன்பதே ஒன்பது. கீழே மகள் கோணல் கையெழுத்தில் எழுதியிருந்தாள். 'ரெண்டுல ஒண்ணு ரெட்டையா இருந்தாலே விடை ரெட்டை. இருபத்தேழு மஞ்சள், ஒன்பது நீலம். ரெட்டையை எடுக்கறவங்க பாவம்.'

பக்கத்தில் டீச்சரின் சிவப்பு மையில் 'மிக நன்று'. தேதி, பந்தயத்துக்குப் பத்து நாள் முந்தியது.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தைந்து பேருக்கும் தெரிந்த விஷயம்! பதினாறாம் வாய்ப்பாட்டை மூச்சு விடாமல் சொன்ன தனக்கு ஒருநாளும் தோன்றவில்லையே! டைம்கீப்பருக்கு அவமானத்தில் காது சுட்டது. ஆனால் வாயைத் திறக்க முடியாது. விளையாட்டு சரியில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் சனிக்கிழமை போச்சு.

அப்போதுதான் புலிக்கு ஒரு யோசனை வந்தது. இரட்டையோடு ஒன்றைச் சேர்த்தால் ஒற்றை. பகடையில் இரட்டைப் புள்ளி உள்ள முகங்களில் நடுவில் ஒரே ஒரு புள்ளி வைத்துவிட்டால்? எல்லா முகமும் ஒற்றை. ஒற்றையை ஒற்றையால் பெருக்கினால் எப்போதும் ஒற்றை. அடடா! இவளுடைய விளையாட்டை வைத்தே இவளை வாங்கு வாங்கென்று வாங்கலாம். மறுபடியும் படி இறங்கினார்.

"துணியில அழியாத கறுப்பு மைப் பேனா இருக்கா?"

"இருக்கு சார். எதுக்கு?"

"புள்ளி வைக்கணும். ஆறு புள்ளி."

"ஆறு புள்ளிக்கா இவ்வளவு சிரிப்பு?" என்று தையல்காரர் பேனாவைக் கொடுத்தார்.

டீச்சர் வந்து சேர்வதற்குள் மை காய்ந்துவிட்டது. மாலை ஐந்து மணிக்கு டைம்கீப்பர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பகடையை உருட்டினார். "மூவொண்ணு மூணு! ஒத்தை! பாத்திரம் உனக்கு." டீச்சர் போய்க் கழுவினாள். "மூவஞ்சு பதினஞ்சு! காய் உனக்கு." நறுக்கினாள். "அயஞ்சு இருபத்தஞ்சு! பெருக்கறதும் உனக்குத்தான், என்ன பண்றது, அதிர்ஷ்டம்!" பெருக்கினாள். மகள் மட்டும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு பகடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு வாரம்தான் என்று டைம்கீப்பர் கணக்குப் பண்ணினார். மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் முதுகு நாற்காலியில் முழுசாகப் படிந்தது. சுகமோ சுகம்.

"அடுத்தது குப்பை," என்றாள் டீச்சர், துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு. "உருட்டுங்க. என்ன விழுந்துச்சுன்னு நல்லா சத்தமாச் சொல்லுங்க. கீழ்வீட்டுக்கே கேக்கணும்."

கேட்க வேண்டுமா? உருட்டினார். விழுந்த புள்ளிகளைக் கண் பார்த்தது. அடுத்த நொடியே வாய் திறந்துகொண்டது. முப்பது வருஷப் பழக்கம், நிற்குமா?

"ஏழஞ்சு முப்பத்தஞ்சு! ஒத்தை! குப்பை உனக்கு!"

டைம்கீப்பர் வெற்றிப் புன்னகையோடு நிமிர்ந்தார்.

"அப்பா," என்றாள் மகள், ரொம்பப் பரிதாபமாக. "பகடையில ஏழு ஏதுப்பா?"

டைம்கீப்பர் குனிந்து பார்த்தார். ஆறு புள்ளி, நடுவில் பளபளவென்று கறுப்பாக ஏழாவது. வாயில் வந்த முப்பத்தைந்தைத் திருப்பி விழுங்கவும் முடியவில்லை.

"உனக்கு... உனக்கு முதல்லயே தெரியுமா?" என்றார் மனைவியைப் பார்த்து.

"மொதல் உருட்டுலயே தெரியும்."

"அப்புறம் ஏன் பாத்திரம் கழுவினே?"

"நான் சொன்னா சண்டை போடுவீங்க. உங்க வாய்ப்பாடே சொல்லட்டும்னுதான் காத்திட்டிருந்தேன். மூணு வேலை செஞ்சு ஒரு வருஷம் சனிக்கிழமை கிடைக்குதுன்னா எனக்கு நஷ்டமா?"

அடுத்த சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் வருகை. டைம்கீப்பர் நோட்டில் குறித்துக்கொண்டார். மெத்தை நாற்காலி பால்கனிக்குப் போய்விட்டது. அதில் அவரும் உட்கார முடியாது, முட்டை அட்டைகள் உட்கார்ந்திருந்தன. ஊறுகாய் பாட்டிலும் பட்டன்களோடு திரும்பி வந்துவிட்டது. முன்னறைத் தரை முழுக்கக் கிளிப்பும் மூடியும் வரிசை வரிசையாக நின்றன. மூலையில் அவர் ஒண்டி நின்றார். "இவர்தான் ஏழு விழுந்த மாமா," என்று மகளின் தோழி பக்கத்துப் பெண்ணிடம் காதில் சொன்னது பன்னிரண்டு பேருக்கும் கேட்டது. தெருவில் பதினாறு, வீட்டில் ஏழு. மனுஷனுக்கு அழுகை வராத குறைதான்.

பயிற்சி முடிகிற நேரம் பிள்ளைகள் பால் குடித்த டம்ளர்கள் மலையாகக் குவிந்தன. டீச்சருக்கே மனசு இளகிவிட்டது போலிருந்தது.

"பாவம், கை தேஞ்சு போச்சு உங்களுக்கு," என்றாள் பிள்ளைகள் எதிரிலேயே. "போன தடவை தெரியாம ரெட்டையை எடுத்துட்டீங்க. இந்த மாசம் புதுசா ஆரம்பிப்போம். புதுப் பகடை. இப்பவும் நீங்களே எடுத்துக்குங்க. ஒத்தையா, ரெட்டையா?"

டைம்கீப்பரின் கண்ணில் வெளிச்சம் வந்தது. இருபத்தேழு மஞ்சள், ஒன்பது நீலம். அந்தக் கட்டம் முழுக்க அவருக்கு இப்போது மனப்பாடம். ராத்திரியெல்லாம் ஒப்பித்து வைத்திருந்தார். இனி யாரால் அவரை ஏமாற்ற முடியும்?

"ஒத்தை!" என்று கையைத் தூக்கிக்கொண்டு கத்தினார். "ஒத்தை! ஒத்தைதான் என்னோடது! பேச்சு மாறக்கூடாது!"

"மாறமாட்டேன். ஒத்தை உங்களோடது. ஆனா இந்த மாசம் விதி வேற," என்றாள் டீச்சர். "எண் யாரோடதோ, ஓய்வு அவருக்கு."

பன்னிரண்டு பிள்ளைகளும் உடனே சிரித்துவிட்டார்கள். டைம்கீப்பரும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஏன் சிரித்தார்கள் என்பது அவருக்குப் புரிந்தபோது ஏழாவது டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார்.